பாரிசவாதத்தின் பின்னே: பயிற்சியும் உள அமைதியும்



உடல் நமக்கு அளிக்கப்பட்ட ஓர் அமானிதம் என்று அடிக்கடி கேட்டிருக்கின்றோம். ஆரோக்கியமாக இருக்கும் உடலைப் பேணுவது அமானிதத்தின் ஒரு பாதி. நோயுற்ற உடலை, அது மீண்டு வரும் வரையில், பொறுமையோடும் அறிவோடும் பேணுவது மறுபாதி. இந்த மறுபாதியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த ஒருவர் மீண்டெழுவதற்கு இயன்மருத்துவப் பயிற்சி வேண்டும் என்பதை இன்று பலரும் அறிவர். அப்பயிற்சியோடு உடலையும் உள்ளத்தையும் தளர்த்தும் பயிற்சியும் சேர வேண்டும் என்பதைச் சிலரே அறிவர். நானும் அதனைப் பிந்தித்தான் அறிந்துகொண்டேன்.

முதலில் நம் ஊர்க் கதையொன்றைச் சொல்கின்றேன்.

வடக்கே செல்லும் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம் காங்கேசன்துறை. அதற்கப்பால் கடல். 1990ஆம் ஆண்டு யுத்தம் மூண்டபோது அங்கு வண்டி வருவது நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. நிலையங்களைப் பற்றைக்காடு மூடியது. சீமெந்துத் தொழிற்சாலையும் அதே காலத்தில் ஓய்ந்தது. யுத்தம் முடிந்த பின்னர் பாதையைத் திரும்ப அமைத்தார்கள். ஒரே நாளில் அமைக்கவில்லை. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை வண்டி வந்தது. 2014 மார்ச்சில் பளை வரை வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை வந்தது. 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறையை அடைந்தது. இடையில் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

பாதை இல்லாத அக்காலத்தில் மக்கள் பயணம் செய்யாமல் இருந்தார்களா? இல்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதியும் மூடப்பட்ட வேளையில், காங்கேசன்துறையிலிருந்து கப்பலேறித் திருகோணமலைக்குப் போய் அங்கிருந்து தெற்கே சென்றார்கள். சுற்றுவழிதான், சிரமமான வழிதான். ஆயினும் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த வரலாற்றை ஏன் சொல்கின்றேன்? பாரிசவாதம் தாக்கிய மூளையின் கதையும் ஏறத்தாழ இதுவே என்பதால்தான். மூளையில் இறந்துபோன பகுதி மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆனால் அதன் அயலிலும் எதிர்ப்புறத்திலும் உள்ள பகுதிகள் அந்த வேலையைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்கின்றன. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியால் செய்தி போகின்றது. திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியே அப்புதிய வழியைப் போடுகின்றது. அதுவும் நிலையம் நிலையமாகத்தான் நகர்கின்றது.

அன்பின் நேயர்களே!

பாரிசவாதம் என்பது மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதனால் வருவது. பெரும்பாலானோருக்கு இரத்தக்குழாயில் கட்டி அடைப்பதனால் வருகின்றது. ஏனையோருக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிவதனால் வருகின்றது. இருபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது இது வரக்கூடும் என்பது 2018இல் வெளியான உலகளாவிய கணிப்பொன்றின் முடிவு. உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், நீரிழிவு, கொழுப்பு, உடலுழைப்பின்மை, இதய நோய், ஓயாத மன அழுத்தம் ஆகியவை அதன் வாயில்கள். இது ஜின் தீண்டியதும் அன்று. கெட்ட காற்று அடித்ததும் அன்று. புறாவின் இரத்தத்தைப் பூசினால் குணமாகும் என்று சிலர் நம்புவதுண்டு. அது அசுத்தம் என்பது ஒருபுறமிருக்க, அந்தப் புறாவைத் தேடி அலையும் நேரத்தில் மூளை அழிந்துகொண்டிருக்கின்றது என்பதே பெரிய கவலை.

ஒரு பெரிய குழாய் அடைபட்டால் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறக்கின்றன என்று கணித்திருக்கின்றார்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணித்தியாலங்களுக்குள் ஏற்ற வேண்டும். ஆகவே முகம் ஒருபுறம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், காத்திருக்கக் கூடாது.

1990 என்ற எண்ணைக் கேட்டால் நம்மில் மூத்தவர்களுக்கு வேறொரு நினைவு வரும். அவ்வாண்டு ஜூனில் காங்கேசன்துறைப் பகுதித் தமிழ் மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். இன்று அதே நான்கு இலக்கங்கள்தான் இந்நாட்டின் இலவச அம்புலன்ஸ் சேவையின் தொலைபேசி எண். 2016இல் தெற்கில் தொடங்கிய அச்சேவை 2018 ஜூலையில் வடக்கிற்கும் வந்தது. வீட்டை இழந்த ஆண்டு, உயிரைக் காக்கும் எண்ணாக வந்திருக்கின்றது. பிள்ளைகளே, அதனை உங்கள் கைத்தொலைபேசியில் மாத்திரமன்றி மனத்திலும் பதித்துக்கொள்ளுங்கள்.

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எனது வாப்பாவின் விடயத்தில் நாங்கள் அந்த நேரத்தைத் தவறவிட்டோம்.

வாப்பா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990இல் உடுத்த உடையோடு புத்தளம் சென்று, யுத்தம் முடிந்த பின்னர் திரும்பி வந்தவர். இளமையில் வியாபாரத்தின் பொருட்டு அடிக்கடி காங்கேசன்துறைக்குச் செல்வார். "வண்டி கடலுக்குள் போய்விடுமோ என்று எண்ணத் தோன்றும்" என்று சிறுவர்களாகிய எங்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள் சுபஹுத் தொழுகையின் பின் அவருடைய இடது கை மரத்துப் போனது. "படுத்தெழுந்தால் சரியாகிவிடும்" என்றார். நாங்களும் நம்பினோம். அஸர் வரையில் காத்திருந்தோம். அதற்குள் இடது காலும் செயலிழந்துவிட்டது. குற்றம் எவருடையதும் அன்று; எங்களுடையது.

வைத்தியசாலையில் உயிர் தப்பினார். வீட்டிற்கு வந்தபோது இடது பக்கம் விறைத்திருந்தது. கை முழங்கையில் மடிந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தன. நான் மூத்த மகன். என் கடமையை நிறைவேற்ற வேண்டும் என்ற வேகம் எனக்கு. காலையும் மாலையும் அவர் அருகில் அமர்ந்து, சுருண்ட அந்தக் கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்துவேன். "விடாதீங்க வாப்பா, முயற்சி செய்யுங்க" என்று உரத்த குரலில் சொல்வேன். அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். கை இன்னும் இறுகும். நான் இன்னும் இழுப்பேன். ஒரு நாள் அவருடைய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது முயற்சியின் கண்ணீர் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் வீட்டிற்கு வந்த இயன்மருத்துவர் இதனைப் பார்த்துவிட்டார். அவர் ஒரு தமிழ்ச் சகோதரி. என் கையை மெல்ல விலக்கிவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்கள் ஐயாவுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. ஐயாவின்ரை கையோடை மல்லுக்கட்டுறீங்கள். அந்தக் கை பயந்து போயிருக்குது."

கை பயப்படுமா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதன் பொருளைப் பிறகு அறிந்துகொண்டேன்.

நம் தசைகளை அளவாக இறுக்கவும் தளர்த்தவும் மூளையிலிருந்து ஓயாமல் கட்டளை சென்றுகொண்டிருக்கின்றது. பாரிசவாதத்தினால் அக்கட்டளை தளர்ந்தால், முள்ளந்தண்டின் இயல்பான எதிர்வினை கட்டுப்பாடின்றி மேலோங்குகின்றது. அந்நிலையில் தசையை விரைவாக இழுத்தால் அது எதிர்த்து இறுகும். மெதுவாக நீட்டினால் இணங்கிவரும். வலி, குளிர், மலச்சிக்கல், சிறுநீர் முட்டுதல் ஆகியவை இறுக்கத்தைக் கூட்டும். அச்சமும் கோபமும் அவமான உணர்வும் அவ்வாறே கூட்டும். மேலும், செயலிழந்த தோளின் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதனால், கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவி நீங்காத வலியும் வரக்கூடும். ஆகவே நோயாளியை எழுப்பும்போது அந்தக் கையைப் பற்றி இழுக்கவே கூடாது. அன்பினால் இழுத்தாலும் சேதம் சேதமே.

கண்ணியத்திற்குரியவர்களே!

வேகம் எப்பொழுதும் நன்மையன்று என்பதை மருத்துவ உலகமே ஒரு பெரிய ஆய்வின் மூலம் கற்றுக்கொண்டது. ஐந்து நாடுகளில் 2104 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட அவ்வாய்வு 2015இல் வெளியானது. பாரிசவாதம் வந்து 24 மணித்தியாலங்களுக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பிக் கூடுதலாகப் பயிற்சி அளித்தால் விரைவில் தேறுவார் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் மூன்று மாதங்களின் பின் பார்த்தபோது, வழமையான கவனிப்பைப் பெற்றவர்களே சற்று மேலான நிலையில் இருந்தார்கள். பயிற்சி தேவையில்லை என்பது இதன் பொருளன்று. முதல் நாளின் அளவை வைத்தியர் குழுவே தீர்மானிக்க வேண்டும் என்பதே பொருள்.

அதன் பின்னரோ, பயிற்சி அதிகம் வேண்டும். வட அமெரிக்காவில் 312 பயிற்சி அமர்வுகளைக் கவனித்து 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓர் அமர்வில் நோயாளி தன் கையைப் பயனுள்ள வேலைக்காக அசைத்தது சராசரியாக 32 தடவைகள் மாத்திரமே. புதிய பாதை போடுவதற்கு இது போதாது. வசதி மிகுந்த நாட்டில் இந்நிலையென்றால், கிழமைக்கு ஓரிரு முறை வைத்தியசாலைக்குச் சென்று வரும் நம் நோயாளியின் நிலை என்ன? எஞ்சிய தடவைகளை வீட்டில்தான் செய்ய வேண்டும். வீட்டில் செய்வதற்கு மனம் வேண்டும். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மனச்சோர்வுக்கு ஆளாகின்றார்கள். பலரை "மீண்டும் வந்துவிடுமோ", "விழுந்துவிடுவேனோ" என்ற பதற்றம் பிடித்துக்கொள்கின்றது. சோர்ந்த மனம் கையை அசைக்காது. பதறிய மனம் கையைத் தளரவிடாது. உளத் தளர்வுப் பயிற்சி இங்குதான் நமக்குத் துணை வருகின்றது.

இது புதிதாக வந்த வித்தையன்று. அமெரிக்க வைத்தியரான எட்மண்ட் ஜேக்கப்சன் என்பவர் 1929இலேயே இதனை ஒரு முறையாக வகுத்து நூலாக வெளியிட்டார். ஒரு தசையைச் சற்று இறுக்கிப் பின் தளரவிட்டால், இறுக்கம் எது, தளர்வு எது என்பதை உடல் உணர்ந்துகொள்ளும் என்பதே அவர் கண்ட உண்மை. 1975இல் ஹெர்பர்ட் பென்சன் என்னும் இதய வைத்தியர், அமைதியாக அமர்ந்து ஒரு சொல்லையோ பிரார்த்தனையையோ திரும்பத் திரும்ப உரைத்தால் மூச்சும் இதயத் துடிப்பும் தணிகின்றன என்று எழுதினார். திக்ருடைய நாவைக் கொண்ட சமூகத்திற்கு இது அந்நியமான செய்தியன்று. தொழுகைக்குப் பின் விரல் மடித்துத் தஸ்பீஹ் செய்யும் மூதாட்டி அமைதியை அறிந்தவரே.

ஆயினும் உண்மையை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். தளர்வுப் பயிற்சி மாத்திரம் செயலிழந்த கையை எழுப்பாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பாரிசவாதம் வந்து நாட்பட்ட 32 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே பயிற்சி. பயிற்சி முடிந்ததும் ஒரு பிரிவினர் உடலைத் தளர்த்தி ஓய்ந்திருந்தனர். மற்றப் பிரிவினர், சற்றுமுன் செய்த அசைவுகளை மனக்கண்ணில் மீண்டும் செய்து பார்த்தனர். கை அசைவில் கூடுதலாக முன்னேறியவர்கள் மனக்கண்ணில் செய்து பார்த்தவர்களே. அவ்வாறாயின் தளர்வினால் என்ன பயன்? 2016இல் பிரித்தானியாவில் 21 பேரைக் கொண்டு ஒரு சிறிய ஆய்வு வெளியானது. வீட்டிலேயே ஒலிப்பதிவைக் கேட்டுத் தளர்வுப் பயிற்சி செய்தவர்களின் பதற்றம், பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களை விடக் குறைந்திருந்தது. ஆகவே தளர்வு பதற்றத்தைத் தணித்து நிலத்தைப் பண்படுத்துகின்றது. பயிற்சி பயிரை வளர்க்கின்றது. பண்படுத்தாத நிலத்தில் விதைப்பவன் வருந்துவான். பண்படுத்திவிட்டு விதைக்காதவனும் வருந்துவான்.

இனி, அதனைச் செய்யும் முறையைச் சொல்கின்றேன். வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள்.

இயன்மருத்துவப் பயிற்சிக்கு முன்னர் பத்து நிமிடங்களை இதற்கென ஒதுக்குங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். நோயாளியைத் தலைக்கும் முதுகிற்கும் தாங்கல் உள்ள கதிரையில் அமர்த்துங்கள். அல்லது படுக்கையில் சாய்த்து வையுங்கள். செயலிழந்த கை தொங்கக் கூடாது. தோள் சற்று முன்னோக்கி வருமாறு, கை முழுவதையும் ஒரு தலையணையின் மீது வையுங்கள். சிறுநீர் கழித்துவிட்டாரா என்று கேளுங்கள். போர்வை வேண்டுமாயின் போர்த்துங்கள்.

பின்னர் மூச்சு. மூக்கினால் மெதுவாக இழுக்கும்போது மனத்தில் நான்கு வரை எண்ணட்டும். வெளியே விடும்போது ஆறு வரை எண்ணட்டும். மூச்சை அடக்கி வைக்கக் கூடாது. மூச்சை அடக்கித் திணறினால் இரத்த அழுத்தம் உயரும். பயிற்சியின்போது பாரம் தூக்குகையிலும் இதே விதிதான்.

அதன்பின் தசைகள். இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஜேக்கப்சன் சொன்னவாறு இறுக்கித் தளர்த்துவதை நல்ல பக்கத்தில் மாத்திரம் மென்மையாகச் செய்யுங்கள். விறைத்த பக்கத்தில் இறுக்கச் சொல்லாதீர்கள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருக்கின்றது. அப்பக்கத்திற்குச் சொல்லால் மாத்திரம் தளர்வைக் கொடுங்கள். "கை பாரமாகின்றது, கை இதமாகின்றது, தலையணை அதைத் தாங்குகின்றது" என்று மெல்லிய குரலில் சொன்னால் போதும்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி பிறந்தது. அந்த இயன்மருத்துவச் சகோதரி ஒரு நாள் வாப்பாவிடம், "ஐயா, நீங்கள் திரும்ப என்ன செய்ய ஆசைப்படுறீங்கள்?" என்று கேட்டார். கையைத் தூக்க வேண்டும் என்றோ நடக்க வேண்டும் என்றோ வாப்பா சொல்லவில்லை. "வண்டியேறிக் காங்கேசன்துறைக்குப் போய்க் கடலைப் பார்க்கோணும்" என்றார். அந்நாள் வரையில் நாங்கள் எவரும் அவரிடம் அக்கேள்வியைக் கேட்டதில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்பதை நாங்களே தீர்மானித்துக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு என் மகள் தன் கைத்தொலைபேசியில் ஓர் ஒலிப்பதிவு செய்தாள். அதில் அவள் தன் அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து வண்டியில் அழைத்துச் செல்கின்றாள். மூத்தவாப்பாவை எங்கள் பிள்ளைகள் அப்பா என்றே அழைப்பார்கள். கொக்குவில் வந்துவிட்டது, நெற்றியைத் தளர்த்துங்கள் அப்பா. கோண்டாவில், தாடையைத் தளர்த்துங்கள். இணுவிலில் தோள்கள். சுன்னாகத்தில் கைகள். மல்லாகத்தில் விரல்கள். தெல்லிப்பழையில் வயிறும் முதுகும். மாவிட்டபுரத்தில் கால்கள். காங்கேசன்துறையில் இறங்கிவிட்டோம், காற்று வருகின்றது, கடல் தெரிகின்றது. பத்து நிமிடப் பயணம் அது. முதல் கிழமை வாப்பா சுன்னாகம் தாண்டுவதற்குள் உறங்கிவிடுவார். அதுவும் நன்மையே. மூன்றாம் கிழமையில், மல்லாகம் என்று கேட்கும்போது அவருடைய சுருண்ட விரல்கள் சற்றே விரிவதை உம்மாதான் முதலில் கண்டார். அந்த நேரத்தில் கையை மெதுவாக நீட்டினால் அது எதிர்க்கவில்லை.

தளர்வு முடிந்த அந்த நிமிடமே பயிற்சிக்கு உரிய நேரம். முதலில் மனக்கண்ணில்: தேநீர்க் கோப்பையை நோக்கிக் கை செல்கின்றது, விரல்கள் விரிகின்றன, பற்றுகின்றன. பிறகு உண்மையான கோப்பை. வெறுங்கோப்பையில் தொடங்கலாம். சிலருக்குக் கண்ணாடியும் உதவுகின்றது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் விளையனூர் இராமச்சந்திரன், கையை இழந்தவர்களின் வலிக்காகக் கண்ணாடி முறையொன்றை உருவாக்கினார். நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்க்கும்போது, மூளை அதனைச் செயலிழந்த கையின் அசைவாகக் காண்கின்றது. 1999இல் ஒன்பது பாரிசவாத நோயாளிகளிடம் அதனைச் சோதித்தார்கள். இன்று பல நாடுகளின் இயன்மருத்துவர்கள் அதனைக் கையாளுகின்றார்கள்.

பயிற்சிக்கிடையே கடும் தலைவலி, நெஞ்சுவலி, தலைச்சுற்று வந்தால் நிறுத்தி உதவியை நாடுங்கள். மாத்திரைகளை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். மனம் அமைதியானதால் இரத்த அழுத்தம் குறைந்துவிட்டது என்று நாமாகவே முடிவு செய்துகொள்வது ஆபத்து. விழுங்குவதைச் சோதிக்கும் முன்னர் தண்ணீரோ கஞ்சியோ பருக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். கீரிமலைக் கேணியின் நீர் உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கை இப்பகுதியில் நெடுங்காலமாக உண்டு. நீர் இதமளிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாரிசவாதம் வந்தவரை வழுக்கும் படிகளில் இறக்குவது இன்னொரு துன்பத்தை அழைப்பதாகும்.

அன்பின் பெற்றோர்களே! இளைஞர்களே!

தொழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம்; அமர இயலாதவர் படுத்தவாறு தொழலாம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் நிற்க முடியவில்லையே என்று அழும் முதியவர்களைப் பார்க்கின்றோம். சலுகை என்பது குறைபாடன்று, அது அருள். அமர்ந்து தொழும் தந்தையின் தொழுகையைக் குறைவாக நோக்கும் பார்வையை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். வுழூச் செய்வதற்கு அவருக்கு உதவுங்கள். செயலிழந்த கையையும் அவரே தன் நல்ல கையால் கழுவட்டும். தன் கையைத் தானே தொடுவது, அந்தக் கை இன்னும் தன்னுடையதே என்று மூளைக்கு நினைவூட்டும் செயலுமாகும்.

பராமரிப்பவர்களை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது உம்மாவாக அல்லது மருமகளாக இருக்கும். இரவில் மூன்று தடவை எழுந்து நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பவருக்கும் அந்தப் பத்து நிமிடத் தளர்வு வேண்டும். களைத்த கை முரட்டுக் கையாக மாறுவதற்கு நெடுநேரம் எடுப்பதில்லை. மகனே, நீ தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மணித்தியாலத்தில் பாதியைத் தந்தால் உன் தாய் உறங்குவாள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று கற்றவர்கள் நாம். மருந்தும் பயிற்சியும் கட்டுகின்ற கயிறு. அமைதியும் பிரார்த்தனையும் ஒப்படைக்கின்ற உள்ளம். இரண்டில் ஒன்றை விட்டாலும் நாம் பாதியிலேயே நிற்போம்.

ஏறத்தாழ ஓராண்டின் பின்னர் வாப்பாவை யாழ்ப்பாண நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். நான்கு கால் ஊன்றுகோலோடு அவரே நடந்தார். பெட்டியில் ஏறுவதற்கு நான் உதவினேன். இடுப்பைத் தாங்கினேன், கையை இழுக்கவில்லை. கொக்குவில் வந்தபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். மாவிட்டபுரத்தில் திறந்தார். காங்கேசன்துறையில் இறங்கி நின்றபோது காற்று பலமாக வீசியது. அவருடைய இடது கை இன்றும் முழுமையாக விரிவதில்லை. பொத்தான் பூட்ட உம்மா வேண்டும். ஆனால் அன்று கடலைப் பார்த்தவாறு, அந்தக் கையை என் தோள் மீது அவராகவே தூக்கி வைத்தார். அதன் பாரத்தை இன்றும் உணர்கின்றேன். நான் எத்தனையோ நாள் பிடித்து இழுத்த கை அது.

"வாப்பா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "வண்டி திரும்புறதுக்குள்ள ஒரு தேத்தண்ணி குடிப்போம்" என்றார்.

அன்பார்ந்த நேயர்களே! உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ இப்படி ஒருவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கலாம். அவர் முஸ்லிமாக இருக்கலாம். தமிழ்ச் சகோதரராக இருக்கலாம். இன்று மாலை அவரிடம் செல்லுங்கள். அருகில் அமருங்கள். கையை இழுக்காதீர்கள். "நீங்கள் திரும்ப என்ன செய்ய ஆசைப்படுகின்றீர்கள்?" என்று கேளுங்கள். அவருடைய விடை எந்த ஊரோ, அந்த ஊருக்குப் பாதை போடத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு நிலையம் போதும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் அருள்வானாக. ஆமீன்.